விமானம் ஏறிய ஃபிலிம்

விமானத்தில் கேமரா கொண்டுபோவதற்கு முதலில் தடை வந்தது உளவு பயத்தால். முதல் உலகப் போரில் விமானங்கள் செய்த முக்கிய வேலைகளில் ஒன்று, எதிரியின் பதுங்குகுழிகளை மேலிருந்து படமெடுத்து வருவது. போர் முடிந்ததும் 1919இல் பாரிஸில் கையெழுத்தான வான்போக்குவரத்து ஒப்பந்தம் அதை மறக்கவில்லை. தன் வானத்தில் வரும் விமானங்களில் புகைப்படக் கருவியை எடுத்துச் செல்வதையும் பயன்படுத்துவதையும் எந்த நாடும் தடுக்கலாம், கட்டுப்படுத்தலாம் என்று அதன் 27ஆவது பிரிவு சொன்னது. 1944ஆம் ஆண்டின் சிகாகோ ஒப்பந்தம் 36ஆவது பிரிவில் அந்த உரிமையைத் தக்கவைத்துக்கொண்டது. ஆனால் எடுத்துச் செல்வதைப் பற்றிய சொற்கள் அதில் இல்லை, பயன்பாடு மட்டுமே இருக்கிறது. அதற்குள் கேமரா சாதாரணப் பயணியின் தோளில் தொங்கும் பொருளாகிவிட்டிருந்தது.

இந்தியாவில் அந்தப் பழைய பயம் இன்னும் சட்டத்தில் இருக்கிறது. 1937ஆம் ஆண்டின் விமான விதிகளில் 13ஆவது விதி, அரசு விமான நிலையத்திலும் பறக்கும் விமானத்திலிருந்தும் அனுமதியின்றிப் படமெடுக்கக் கூடாது என்றது. வெள்ளைக்காரர் எழுதிய விதியைச் சுதந்திர இந்தியா அப்படியே வைத்துக்கொண்டது. 2004 டிசம்பரில்தான் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ, பயணிகள் விமானத்துக்குள் படமெடுக்கலாம் என்று தளர்த்தியது. 2020 செப்டம்பரில் ஒரு விமானத்தில் செய்தியாளர்கள் முண்டியடித்துப் படமெடுக்க, அதே இயக்குநரகம் பழைய விதியைத் தூசி தட்டி எச்சரித்தது. பிறகு உடனே, 2004 தளர்வு செல்லும் என்று விளக்கமும் சொன்னது. 2025 மே மாதம், மேற்கு எல்லையை ஒட்டிய ராணுவ விமான தளங்களில் விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஜன்னல் மறைப்பை இறக்கிவிட வேண்டும், படமெடுக்கக் கூடாது என்று மீண்டும் ஓர் உத்தரவு வந்தது.

இரண்டாவது பயம் தீ. 1889 முதல் கோடக் நிறுவனர் ஈஸ்ட்மன் விற்ற ஒளிபுகும் ஃபிலிமின் அடிப்பொருள் செல்லுலோஸ் நைட்ரேட். வெடிமருந்துக்கு நெருங்கிய உறவு. பற்றிக்கொண்டால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தரும், தண்ணீருக்கு அடியிலும் எரியும். சினிமாப் படச்சுருள்கள் அரை நூற்றாண்டுக் காலம் பெரும்பாலும் இந்த வகைதான். ஸ்டில் கேமராவுக்கான ரோல்கள் முன்னதாகவே ‘சேஃப்டி’ ஃபிலிம் எனப்படும் அசிடேட் வகைக்கு மாறத் தொடங்கின. 1948இல் வந்த ட்ரைஅசிடேட் சினிமாவுக்கும் போதுமானதாக இருந்ததால் கோடக் 1951இல் நைட்ரேட் உற்பத்தியை நிறுத்தியது. விமான சரக்கு விதிகளில் மட்டும் நைட்ரேட் ஃபிலிம் இன்றும் ஐ.நா. எண் 1324 என்ற பெயரோடு, எளிதில் தீப்பற்றும் திடப்பொருள்களின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. ஆவணக் காப்பகங்கள் பழைய சுருள் ஒன்றை வேறு நாட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால், அபாயகரமான சரக்குக்கு உரிய கட்டும் சீட்டும் வேண்டும்.

இந்த இரண்டு பயத்துக்கும் நடுவே, ஃபிலிமை விமானத்தில் ஏற்றுவது செய்தித் துறைக்கு உயிர்நாடியாகிவிட்டது. செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் படம் போகும் வேகம் விமானத்தின் வேகம்தான். 1953 ஜூன் 2 அன்று லண்டனில் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழா நடந்தபோது, பிபிசி ஒளிபரப்பை ஃபிலிமில் பதிவு செய்து, மூன்று தவணையாக ஆர்.ஏ.எஃப். கான்பெரா குண்டுவீச்சு விமானங்களில் ஏற்றிக் கனடாவின் கூஸ் பே தளத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து கனடிய விமானப்படை அதை மான்ட்ரியலுக்குக் கொண்டுபோனது. கனடா மக்கள் அன்றைக்கே விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். குண்டு போட வேண்டிய விமானம் டப்பா சுமந்த நாள் அது.

வியட்நாம் போர்க் காலத்தில் இந்த ஓட்டம் அன்றாட வேலையாயிற்று. சைகானில் எடுத்த ரோல்களும் தொலைக்காட்சிச் சுருள்களும் டான் சன் நியூட் விமான நிலையத்திலிருந்து ஹாங்காங்குக்கோ டோக்கியோவுக்கோ போக வேண்டும். முறையான சரக்குக்கு நேரம் பிடித்தால், அந்த விமானத்தில் போகும் யாரோ ஒரு பயணியிடம் உறையைக் கொடுத்து, மறுமுனையில் எங்கள் ஆள் வந்து வாங்கிக்கொள்வார் என்று சொல்லிவிடுவார்கள். அப்படி எடுத்துப் போகிறவரைத் தொழிலில் ‘பிஜன்’, அதாவது புறா, என்பார்கள். முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்த மூடிய பொட்டலத்தை வாங்கிக்கொண்டு விமானம் ஏறுவது அன்று ஓர் உதவி. பின்னாளில் பல விமான நிலையங்களில் கேட்ட கேள்வியே அதைப் பற்றியதுதான்.

தமிழ் சினிமா முதன்முதலாகப் பெரிய அளவில் வெளிநாடு பறந்ததும் அந்தத் தளர்வான காலத்தில்தான். 1969இல் வந்த ஸ்ரீதரின் ‘சிவந்த மண்’ ஐரோப்பாவில் படமாயிற்று. 1970இல் எம்.ஜி.ஆர். தன் குழுவோடு ஒசாகா எக்ஸ்போ கண்காட்சிக்கும், ஹாங்காங், தாய்லாந்து, சிங்கப்பூர், மலேசியாவுக்கும் போய் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ படத்தை எடுத்தார். 35 மி.மீ. சுருள் 1,000 அடி ஓடினால் திரையில் ஏறத்தாழ 11 நிமிடம். அப்படியிருக்க, ஒரு முழுப் படத்தின் வெளிநாட்டுக் காட்சிகளுக்கு எத்தனை டப்பா போயிருக்கும் என்று எண்ணிக்கொள்ளலாம். எடுக்காத ஃபிலிம் போகும்போது, எடுத்த நெகட்டிவ் வரும்போது, இரண்டு வழியிலும் விமான நிலையத்தைத் தாண்ட வேண்டும். படம் திரைக்கு வந்த 1973ஆம் ஆண்டில்தான் அமெரிக்க விமான நிலையங்களில் எக்ஸ்ரே பெட்டி நுழைந்தது. ரஜினிகாந்தின் ‘பிரியா’வும் கே. பாலசந்தரின் ‘நினைத்தாலே இனிக்கும்’ படமும் சிங்கப்பூரில் எடுக்கப்பட்டபோது (1978, 1979) சங்கதியே மாறிவிட்டிருந்தது.

அந்த நாளில் கேமராக்காரர்களுக்குப் பெரிய தலைவலி சுங்கம். தொழில்முறைக் கருவியைக் கொண்டுவந்து விற்றுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற சந்தேகம் எல்லா நாட்டுக்கும் இருந்தது. அதற்காக 1961இல் உருவாகி 1963இல் நடைமுறைக்கு வந்த ஏ.டி.ஏ. கார்னே, கருவிகளுக்கென்றே தரும் பாஸ்போர்ட். பச்சை அட்டை, உள்ளே மஞ்சளும் வெள்ளையுமாகத் தாள்கள். ஒவ்வொரு லென்ஸும், ஒவ்வொரு மேகசினும், ஏன் ட்ரைபாட் தலைகூட வரிசை எண்ணோடு பட்டியலில் இருக்க வேண்டும். நாட்டை விட்டுப் போகும்போது ஒரு தாளில் முத்திரை, நுழையும்போது இன்னொன்றில், திரும்பும்போது மறுபடியும். ஒரு முத்திரை விடுபட்டால் தீர்வைத் தொகையைக் கட்ட வேண்டி வரும். இந்தியாவில் இதை எஃப்.ஐ.சி.சி.ஐ. வழங்குகிறது. கார்னே எடுக்காத சுற்றுலாப் பயணி விலையுயர்ந்த கேமராவோடு இந்தியா வந்தால், திரும்ப எடுத்துப் போவேன் என்று ‘டூரிஸ்ட் பேக்கேஜ் ரீ-எக்ஸ்போர்ட்’ படிவத்தில் எழுதித் தர வேண்டியிருந்தது. இங்கிருந்து கேமரா கொண்டுபோகும் இந்தியருக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. கேமராவின் எண்ணைக் குறித்து முத்திரை குத்தி வாங்கிவைக்காவிட்டால், திரும்பி வரும்போது தன் சொந்த கேமராவை சிங்கப்பூரில் வாங்கியதல்ல என்று மெய்ப்பிப்பது அவர் பாடு. அந்தச் சந்தேகத்துக்கும் காரணம் இருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த அந்நாளில் சிங்கப்பூரிலிருந்து வருகிறவர் தோளில் புது யாஷிகா கேமரா தொங்குவது வழக்கமாகத்தான் இருந்தது.

விமானக் கடத்தல்தான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. 1968 முதல் 1972 வரை அமெரிக்காவில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட கடத்தல் முயற்சிகள். இந்தியாவும் தப்பவில்லை. 1971 ஜனவரி 30 அன்று ஸ்ரீநகரிலிருந்து ஜம்மு புறப்பட்ட ‘கங்கா’ விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டது. 1973 ஜனவரி 5 முதல் அமெரிக்காவில் ஒவ்வொரு பயணியையும் ஒவ்வொரு கைப்பையையும் சோதிப்பது கட்டாயமாயிற்று. அத்தனை பையையும் கையால் திறந்து பார்க்க ஆள் ஏது? எக்ஸ்ரே பெட்டி வந்தது.

ஃபிலிமுக்கும் எக்ஸ்ரேக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1895இல் ரோன்ட்கன் புதிய கதிரைக் கண்டதும் அதைப் பிடித்துவைத்தது புகைப்படத் தகடு. மறு ஆண்டு பெக்கெரல், கறுப்புத் தாளில் பொதிந்து வைத்த தகடு தானாகக் கறுத்திருந்ததைப் பார்த்துத்தான் யுரேனியத்தின் கதிர்வீச்சை அறிந்தார். ஃபிலிமில் உள்ள வெள்ளி ஹேலைடு துகள்கள் ஒளியை வாங்குவதுபோலவே கதிரையும் வாங்கிக்கொள்ளும். குறைந்த ஒளியிலும் படமெடுக்கும் வேகமான ஃபிலிமில் துகள் பெரிது, அதனால் பாதிப்பும் பெரிது. 100 ஏ.எஸ்.ஏ. (அந்த வேகத்தின் அளவு) ரோல் தாங்குவதை 1600 தாங்காது. ஒரு தடவை விழுந்த கதிர் போய்விடுவதுமில்லை, அடுத்த விமான நிலையத்தில் விழுவது அதோடு சேர்ந்துகொள்ளும். கழுவி முடித்த நெகட்டிவுக்கு மட்டும் எந்தக் கதிராலும் ஆபத்தில்லை. எடுக்காத ரோல், எடுத்தும் கழுவாத ரோல் இரண்டும்தான் கவலை. லேப்பில் கழுவிப் பார்த்தால் நெகட்டிவ் முழுக்க மெல்லிய மூட்டம் தெரியும், நிழல் பகுதிகளில் கருமை செத்துப்போயிருக்கும், துகள் பெருத்திருக்கும். ஸ்டூடியோக்காரர்கள் ஒரே வார்த்தையில் ‘ஃபாக்’ என்று முடித்துவிடுவார்கள்.

இது தெரிந்தே அமெரிக்க விதி எழுதப்பட்டது. எக்ஸ்ரே பெட்டி வைத்த இடத்தில் அறிவிப்புப் பலகை வைத்து, மருத்துவ எக்ஸ்ரே ஃபிலிம், அறிவியல் ஃபிலிம், வேக ஃபிலிம் ஆகியவற்றை வெளியே எடுக்கும்படி பயணிகளுக்குச் சொல்ல வேண்டும். ஒரு தடவைக்கு 1 மில்லிரோன்ட்கனுக்கு மேல் கதிர் விழும் கருவியானால் எல்லா ஃபிலிமையும் எடுக்கச் சொல்ல வேண்டும். பயணி கேட்டுக்கொண்டால் அவருடைய ஃபிலிமையும் கேமராவையும் எக்ஸ்ரே இல்லாமல் சோதிக்க வேண்டும். இப்போது அமெரிக்க விதித்தொகுப்பில் 49 சி.எஃப்.ஆர். 1544.211 என்ற எண்ணில் இருக்கும் அந்தக் கடைசி வாசகம், புகைப்படக்காரர்கள் பலர் நகலெடுத்து கேமரா பையில் வைத்துக்கொண்ட ஒரே சட்டப் பிரிவாக இருக்கும். ஆனால் அது செல்லுவது அமெரிக்காவில்தான். மற்ற இடங்களில், பெட்டியின் மேல் ‘ஃபிலிமுக்குப் பாதகமில்லை’ என்று ஒட்டியிருந்தால் அதோடு பேச்சு முடிந்தது.

கையால் சோதிக்கும் முறையைப் பழகியவர்கள் அதற்கென்று சில தந்திரங்களை உருவாக்கிக்கொண்டார்கள். ரோல்களை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து ஒளிபுகும் பிளாஸ்டிக் பையில் கொட்டிக்கொள்வார்கள். கோடக் டப்பா கறுப்பு, ஃபூஜி டப்பா உள்ளே இருப்பது தெரியும் வெள்ளை. ஆகவே கோடக் ரோலையும் ஃபூஜி டப்பாவில் போட்டுக் கொண்டுபோனவர்கள் உண்டு. அதிகாரி மூடியைத் திறக்காமலே பார்த்துவிடலாம் அல்லவா. பிற்காலத்தில் வெடிமருந்துத் தடயம் தேடும் துணித்துண்டால் ஒவ்வொரு டப்பாவையும் தடவிப் பார்ப்பது சேர்ந்துகொண்டது. நாற்பது ஐம்பது ரோல் வைத்திருப்பவர் விமானத்தைத் தவறவிடாமல் இருக்க வேண்டுமானால் சீக்கிரமே போக வேண்டும். சினிமாக்காரர் கதை இன்னும் கஷ்டம். 400 அடி சுருள் டேப் ஒட்டிய தகர டப்பாவுக்குள் இருக்கும். வெளிச்சத்தில் திறந்தால் நாசம். அதனால் கையோடு ‘சேஞ்சிங் பேக்’ வைத்திருப்பார்கள். இரண்டு கைநுழைவு வைத்துத் தைத்த கறுப்புப் பை அது. டப்பாவை உள்ளே வைத்து ஜிப்பை மூடி, அதிகாரியின் கைகளை அந்த நுழைவுகளில் விட்டு, இருட்டில் தடவிப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள்.

கேட்டுப் பார்க்கத் தயங்கியவர்களுக்குக் கடைகளில் ஈயப் பூச்சுள்ள பை விற்றது. கைப்பையில் வைத்த மெதுவான ஃபிலிமுக்கு அது ஓரளவு காப்பு. ஆனால் திரையில் ஒரு கறுப்புத் திட்டாகத்தான் தெரியும். உள்ளே என்ன என்று தெரியாத திட்டை எந்தக் காவலர் விடுவார்? மறுபடி பெட்டிக்குள் அனுப்புவார் அல்லது வெளியே எடுக்கச் சொல்வார். வெளியே எடுக்கச் சொன்னால் பையின் வேலை ஒருவகையில் நிறைவேறியது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அதுவரை கவலை கைப்பையில்தான் இருந்தது. பெட்டியில் வைத்து லக்கேஜில் போட்டுவிட்டால் பெரும்பாலும் யாரும் பார்க்கமாட்டார்கள். இந்த நிம்மதியைக் குலைத்தவை 1980களின் சூட்கேஸ் குண்டுகள். 1984 ஆகஸ்ட் 2 அன்று சென்னை மீனம்பாக்கத்தில், கொழும்பு விமானத்துக்கென்று வந்த சூட்கேஸில் இருந்த குண்டு நிலையத்திலேயே வெடித்து ஏறத்தாழ 30 பேர் இறந்தார்கள். 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் ‘கனிஷ்கா’ அட்லாண்டிக் கடலுக்கு மேல் சிதறியது. இறந்தவர்கள் 329 பேர். அதில் லக்கேஜ் ஏற்றிய டொரொன்டோவில், பைகளைப் பார்க்க வைத்திருந்த எக்ஸ்ரே கருவி பழுதாகியிருந்தது. 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊர் மேல் பான் ஆம் 103 வெடித்தபோது 270 பேர் மாண்டார்கள். குண்டு இருந்தது ஒரு ரேடியோ-கேசட் பெட்டிக்குள். பேட்டரியும் கம்பியும் உள்ள எந்தப் பொருளும் சந்தேகத்துக்குரியதாயிற்று. இந்திய விமான நிலையங்களில் கைப்பையில் பேட்டரி செல் இருக்கக் கூடாது என்ற கெடுபிடி வந்தது. ஃபிளாஷிலிருந்தும் மோட்டார் டிரைவிலிருந்தும் செல்களை உருவிக் கொடுத்துவிட்டு ஏறிய புகைப்படக்காரர்களில், செல்லே வேண்டாத பழைய கேமரா வைத்திருந்தவர்கள் மட்டும் சிரித்துக்கொண்டார்கள்.

லாக்கர்பிக்குப் பதிலாக வந்த கருவிதான் ஃபிலிமுக்கு எமன். கலிஃபோர்னியாவின் இன்விஷன் நிறுவனம் செய்த சி.டி.எக்ஸ். 5000 கருவிக்கு 1994 டிசம்பரில் அமெரிக்க விமானத் துறை சான்று கொடுத்தது. மருத்துவமனை சி.டி. ஸ்கேன் முறையில் இயங்குவது அது. முதலில் பெட்டி முழுவதையும் சாதாரணமாகப் பார்க்கும், சந்தேகமான இடம் கண்டால் அங்கே மட்டும் வலுவான கதிரைச் சுற்றிச் சுற்றிப் பாய்ச்சி உட்புறத்தைத் துண்டு துண்டாகப் படம் பிடிக்கும். அந்தத் துண்டில் ஃபிலிம் ரோல் அகப்பட்டால் நெகட்டிவில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் கறுப்புப் பட்டை விழும். ரோல் எந்தக் கோணத்தில் கிடந்தது என்பதைப் பொறுத்துப் பட்டை நேராகவோ அலையாகவோ இருக்கும். பழைய மூட்டத்தைப் பிரிண்ட் போடும்போது ஓரளவு சரிக்கட்டலாம், இதற்கு வழியில்லை. 1990களின் இறுதியில் கோடக்கும் ஃபிலிம் உற்பத்தியாளர் சங்கமும் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, கழுவாத ஃபிலிமை ஒருபோதும் லக்கேஜில் போடாதீர்கள் என்று எச்சரித்தன. ஈயப் பை இங்கே உபத்திரவம். அடர்ந்த பொருள் என்று கண்டதும் கருவி அதையே குறிவைத்துப் பார்க்கும்.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் வந்த சட்டம், 2002 முடிவுக்குள் அமெரிக்காவில் லக்கேஜ் அனைத்தையும் வெடிகுண்டுச் சோதனைக்கு உட்படுத்தச் சொன்னது. இனி ஃபிலிமுக்கு ஒரே இடம் கைப்பை. அந்த இடமும் ஒருமுறை பறிபோனது. 2006 ஆகஸ்ட் 10 அன்று, திரவ வெடிகுண்டுச் சதியை முறியடித்ததாக அறிவித்த பிரிட்டன், பர்ஸ், பாஸ்போர்ட் போன்றவற்றைத் தவிர எதையும் கையில் கொண்டுபோகக் கூடாது என்று தடை போட்டது. கேமரா, லென்ஸ், ஃபிலிம் எல்லாம் லக்கேஜுக்குப் போயின. சில நாளில் தடை தளர்ந்தது.

அதற்குள் பெரும்பாலானோர் டிஜிட்டலுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். எக்ஸ்ரே மெமரி கார்டை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் கேமராவின் லித்தியம்-அயன் பேட்டரி புதுச் சிக்கல். சூடேறித் தீப்பற்றினால் அணைப்பது கடினம் என்பதால், மாற்றுப் பேட்டரிகள் கையிலேயே இருக்க வேண்டும், லக்கேஜில் கூடாது என்பது விதி. 100 வாட்-மணி வரை தடையில்லை, 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டு. இதற்கு நேர்மாறாக 2017 மார்ச்சில் அமெரிக்க அரசு துபாய், தோஹா, அபுதாபி உள்ளிட்ட 10 விமான நிலையங்களிலிருந்து வருவோர் செல்போனைவிடப் பெரிய மின்னணுக் கருவி எதையும், கேமரா உட்பட, லக்கேஜில் போட வேண்டும் என்றது. தீ பயத்தில் கைக்கு வந்த பேட்டரி குண்டு பயத்தில் மறுபடி அடித்தளத்துக்குப் போயிற்று. ஜூலைக்குள் அந்தத் தடை விலக்கப்பட்டது.

கோடாக்ரோம் ஃபிலிமை 2009இல் கோடக் நிறுத்தியபோது, கடைசியாகத் தயாரான ரோல்களில் ஒன்று புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரிக்குக் கிடைத்தது. 36 படம். அதை நியூயார்க்கிலும் இந்தியாவிலும் இஸ்தான்புல்லிலும் எடுத்து, 2010இல் கன்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் ஊரில் உள்ள ட்வெயின்ஸ் லேப்புக்கு அவரே நேரில் கொண்டுபோய்க் கழுவக் கொடுத்தார். கோடாக்ரோம் 64 மெதுவான ஃபிலிம் என்பதால் கைப்பை எக்ஸ்ரே அதற்கு அவ்வளவு பெரிய எதிரியில்லை.

இன்று அந்த உறுதியைத் தர முடியாது. 2010களின் இறுதியிலிருந்து சி.டி. கருவி கைப்பைச் சோதனைக்கே வந்துவிட்டது. மடிக்கணினியையும் தண்ணீர் பாட்டிலையும் வெளியே எடுக்காமல் விடலாம் என்ற வசதிக்காக விமான நிலையங்கள் அதை வாங்குகின்றன. கோடக்கின் சோதனையில் ஒரே தடவை போனாலே ஃபிலிமில் மூட்டம் தெரிந்தது. இல்ஃபோர்ட் ஃபிலிம் செய்யும் ஹார்மனும் கையால் சோதிக்கக் கேளுங்கள் என்கிறது. 100 ஆனாலும் 400 ஆனாலும் சி.டி.க்குள் விடக் கூடாது என்பதே இப்போதைய பாடம். கேடு என்னவென்றால், பழைய பெட்டியும் புதிய கருவியும் வெளிப்பார்வைக்குத் தூரத்திலிருந்து ஒன்றுபோல் இருக்கும், பல இடங்களில் ஒரே நிலையத்தில் இரண்டும் அடுத்தடுத்த வரிசையில் நிற்கும். மழமழவென்று வளைந்த பெரிய வெள்ளைக் கூண்டாக இருந்தால் அது பெரும்பாலும் சி.டி. பிரிட்டன் தன் பெரிய விமான நிலையங்களுக்கு 2024 ஜூன் வரை கெடு வைத்தது, பல நிலையங்களால் அதற்குள் முடிக்க இயலவில்லை. இந்தியாவில் விமானப் பாதுகாப்புப் பணியகமான பி.சி.ஏ.எஸ்., பெரிய நிலையங்கள் 2023 இறுதிக்குள் இக்கருவியை நிறுவ வேண்டும் என்றது. அந்தக் கெடுவும் தள்ளிப்போனது. புதிய கருவி வரும்வரை சென்னையிலோ மும்பையிலோ ஒரு ரோலை வெளியே எடுத்து நீட்டினால், அதைக் கையால் பார்ப்பதா பெட்டிக்குள் விடுவதா என்பது எதிரே நிற்கும் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை (சி.ஐ.எஸ்.எஃப்.) அதிகாரியின் முடிவு. சினிமாக் குழுக்கள் இந்தப் பேச்சுவார்த்தைக்கே இடமில்லாமல், போகும் ஊரிலேயே ஃபிலிம் வாங்கி, அங்கேயே கழுவி, ஸ்கேன் செய்த கோப்பை மட்டும் கொண்டுவரும் வழிக்கு வந்துவிட்டன.